தானாகச் சொன்னவர்கள்

கார்வெல் கல்லூரியில் விளையாட்டு விதிகளைக் காக்க ஒரே ஒரு ஆள்தான். வெர்னா ஸ்டாலிங்ஸ். எந்த ஆட்டக்காரனும் யாரிடமும் கை நீட்டாமல், எந்தக் கோச்சும் யாருக்கும் தனிச்சலுகை காட்டாமல், கல்லூரிகளின் விளையாட்டுச் சங்கம் போட்ட விதிகளுக்குள் எல்லாரும் நடக்கிறார்களா என்று பார்ப்பது அவள் வேலை. பழைய பந்துகளும் கிழிந்த வலைகளும் போட்டுவைத்திருந்த அறையை ஒழித்து அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். வடக்கே இரண்டு மணி நேரம் காரில் போனால் மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகம். அங்கே இதே வேலைக்கு ஒரு மாடி நிறைய ஆள். கார்வெல்லில் அதன் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை, குன்றுக்காரர்கள் என்பார்கள். குன்றின் மேல் இருப்பதால் மட்டுமல்ல, அங்கிருந்து மற்றவர்களைப் பார்க்கும் பார்வைக்காகவும்.

வெர்னாவுக்கு விதிகள் மேல் பக்தியே உண்டு. ஒரு பையனின் பிறந்தநாளுக்கு முடிதிருத்துபவர் கொடுத்தனுப்பிய கேக்கை, பாதி வெட்டியபிறகு, மிச்சத்தைப் பெட்டியில் கட்டித் திருப்பி அனுப்ப வைத்தவள் அவள். வாயோரம் க்ரீமோடு நின்ற பையன்கள் அன்றிலிருந்து அவளை, ஊர்ப் போலீஸ் அதிகாரி மாதிரி, ஷெரிஃப் என்று கூப்பிட்டார்கள். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். சிறிய கல்லூரி என்றால் அழுக்காகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் முகத்தில் கரி பூச வேண்டும் என்பது அவள் ஆசை.

அந்தக் கூடைப்பந்து அணியில் கீஷான் பெட்வே என்று ஒருவன். கார்வெல் வரலாற்றிலேயே அப்படி ஒருவன் வந்ததில்லை என்று ஊரே சொன்னது. அவன் அம்மா ரோண்டாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அவர்கள் ஊரில் இருந்த மையத்தை, லாபம் இல்லை என்று மூடிவிட்டார்கள். கோச் ஹாப்குட் தன் கார் கொட்டகைக்கு மேலே சும்மா கிடந்த அறையைப் பெருக்கிக் கட்டில் போட்டு அவளைக் கொண்டுவந்து வைத்தார். அவர் மனைவி ஜீனெட் கூட்டிக்கொண்டு போய், முடியும்வரை காத்திருந்து, கூட்டிக்கொண்டு வந்தாள். இதில் தப்பு என்ன என்று கேட்டால் மனிதனுக்கும் தெரியாது, கடவுளுக்கும் தெரியாது. சங்கத்துக்கு மட்டும் தெரியும். மற்ற மாணவர்களின் வீட்டாருக்குக் கிடைக்காத எதுவும் ஆட்டக்காரனின் வீட்டாருக்குக் கிடைக்கக் கூடாது.

விஷயம் வெளியே வந்தது சர்ச்சில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம். ரோண்டா முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். படுக்க இடம் தந்ததற்கும், வண்டியில் கூட்டிப்போனதற்கும், வாய்க்கு ருசியாக உப்பில்லாத சாப்பாடு சமைத்துப் போட்டதற்கும் ஆண்டவருக்கும் ஜீனெட்டுக்கும் கண்ணீரோடு நன்றி சொன்னாள். சபை மொத்தமும் ஆமென் என்றது. வெர்னாவின் ஆமென் மட்டும் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் காலை கோச்சின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். ஹாப்குட் பெரிய உடம்புக்காரர். கோபம் வந்தால் குரல் தாழும்.

"முடியாத ஒரு பொம்பளைக்குப் படுக்க எடம் குடுத்தேன். இதுல எங்கேருந்து பந்து வந்துச்சு, வெர்னா?"

"தப்புன்னு நான் சொல்லல கோச். விதின்னு சொல்றேன். நாமளே முந்திக்கிட்டுப் போய்ச் சொல்லிட்டா ஒரு எச்சரிக்கையோட விட்டுருவாங்க. மறைச்சு, அவங்க கண்டுபிடிச்சாத்தான் வம்பு."

 அவர், நீ சொன்னால் சரி என்றார். அந்த ஒரு சொல்லை வெர்னா பின்னால் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள்.

ரோண்டா அந்த வாரமே காலி செய்துகொண்டு, மலையடிவாரத்தில் இருந்த சித்தி மகள் வீட்டுக்குப் போனாள். அங்கிருந்து டயாலிசிஸுக்குப் பேருந்து கிடையாது. யாராவது வண்டி கொடுத்தால் போனாள், கொடுக்காவிட்டால் போகவில்லை. கால் இரண்டும் வீங்கத் தொடங்கின.

வெர்னா எழுதித் தெரிவித்ததன் பேரில் சங்கத்திலிருந்து விசாரணைக்கு வந்தவர் லிண்ட்ஹோம். மெலிந்த மனிதர், மெதுவான பேச்சு. ஒரு வாய்க் காப்பிகூட யார் கையாலும் வாங்கமாட்டேன் என்று சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்தார். வெர்னாவுக்கு அவரைப் பிடித்துப்போனது. தன்னைப் போல ஓர் ஆள் என்று நினைத்தாள். அவர் கேட்டதற்கெல்லாம் கார்வெல்காரர்கள் பதில் சொன்னார்கள், கேட்காததையும் சொன்னார்கள். ஹாப்குட் அவரை மாடிக்கே கூட்டிப்போய்க் கட்டிலைக் காட்டினார். அந்த அம்மாள் இங்கே சாப்பிட்டதுண்டா என்று லிண்ட்ஹோம் கேட்டார். பின்னே பட்டினியா போடுவோம் என்றாள் ஜீனெட். அவர் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். இடம் ஒரு குற்றம், சாப்பாடு ஒரு குற்றம், வண்டி ஒரு குற்றம். வாயைத் திறக்கத் திறக்க ஒரு குற்றம் இன்னொன்றைப் பெற்றுப் போட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

அதே காலத்தில் குன்றின் மேலும் ஒரு விசாரணை நடந்தது. அங்கே நட்சத்திர ஆட்டக்காரனின் குடும்பத்துக்குக் கார், அப்பாவுக்கு உத்தியோகம், மாமாவுக்குக் கடை என்று ஊரெல்லாம் பேச்சு. இரண்டு கல்லூரிகளையும் ஒரே நாளில், ஒரே ஓட்டலில் வைத்து விசாரித்தார்கள். வெர்னாவும் ஹாப்குட்டும் கல்லூரியின் பழைய வண்டியில் போய் இறங்கினார்கள். குன்றுக்காரர்களின் வக்கீல்கள் மட்டுமே தாழ்வாரத்தை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய கோச், தீர்ப்புச் சொல்லப்போகும் குழுவில் ஒருவரின் தோளில் கை போட்டு, எந்த ஏரியில் மீன் நன்றாகக் கடிக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்.

உள்ளே நடந்ததை லிண்ட்ஹோமே பிறகு ஒருநாள் வெறுத்துப்போய் வெர்னாவிடம் சொன்னார். குன்றுக்காரர்கள் எந்தக் கேள்விக்கும் நினைவில்லை என்றார்களாம். எல்லாம் தெரிந்த உதவிக் கோச் வேலையை விட்டுவிட்டு வெளிநாடு போய்விட்டாராம். சங்கம் என்ன போலீஸா, பிடித்து இழுத்துவர? தானாக வந்து வாய் திறந்தவனைத்தான் அதனால் பிடிக்க முடியும். வாயை மூடிக்கொண்டவனிடம் அது மரியாதையாக விடைபெற்றுக்கொள்ளும்.

தீர்ப்பு பிப்ரவரியில் வந்தது. கார்வெல் காட்டிய ஒத்துழைப்பு மற்ற கல்லூரிகளுக்கு முன்மாதிரி என்று முதல் பத்தியில் புகழ்ந்திருந்தார்கள். அடுத்த பத்தியில் கழுத்தை அறுத்திருந்தார்கள். மார்ச் மாத தேசியப் போட்டிக்கு இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் தடை. ஹாப்குட் மூன்று ஆண்டுகள் எந்தக் கல்லூரியிலும் கோச்சாக இருக்கக் கூடாது. ரோண்டா அந்த அறையில் இருந்த நாட்களில் கீஷான் ஆடிய வெற்றிகள் எல்லாம் ரத்து. ஜெயித்தவர்கள் ஜெயிக்கவில்லையாம், ஆனால் தோற்றவர்கள் தோற்றது தோற்றதுதானாம். அப்படியானால் யார்தான் ஜெயித்தது? குன்றுக்காரர்கள் மீது போதிய ஆதாரம் இல்லை என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

ரத்தானவை போகவும் அந்த ஆண்டு கார்வெல் பையன்கள் வட்டாரத்தில் முதலிடம் பிடித்தார்கள். தடை மட்டும் இல்லாவிட்டால் கல்லூரி முதன்முறையாக மார்ச் போட்டிக்குப் போயிருக்கும். கடைசி உள்ளூர் ஆட்டம் முடிந்ததும், ஜெயித்த அணி ஏணி போட்டு ஏறி வளையத்து வலையை அறுத்து ஆளுக்கொரு துண்டு வைத்துக்கொள்வது வழக்கம். ஏணி வந்துவிட்டது. கல்லூரித் தலைவர் வெர்னாவின் காதோரம் வந்து, தண்டனைக் காலத்தில் கொண்டாட்டம் வேண்டாம், சங்கம் தப்பாக எடுத்துக்கொள்ளும், நீங்கள் சொன்னால் பையன்கள் கேட்பார்கள் என்றார். அவரே போய்ச் சொல்லியிருக்கலாம். பெரிய மனிதர்கள் இப்படிப்பட்ட வேலையைத் தாங்களே செய்வதில்லை.

அணியின் மூத்த ஆட்டக்காரன் டோபியாஸ் கத்தரிக்கோலோடு ஏணியின் உச்சியில் நின்றிருந்தான். அவனுக்கு அது கடைசி ஆண்டு. ரோண்டா விவகாரத்தில் அவனுக்கு ஒரு பங்கும் இல்லை. அந்த அம்மாளை அவன் பார்த்ததுகூட இல்லை. வெர்னா ஏணிக்குக் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"மிஸ் வெர்னா, இது வெறும் கயிறுதானே?"

"எறங்குப்பா."

அவன் இறங்கினான். அழுதிருந்தாலும் பரவாயில்லை, அழவில்லை. கத்தரிக்கோலை அவள் கையில் கொடுத்துவிட்டு நடந்தான். பார்க்க வந்திருந்த அவன் அப்பா, கையில் வைத்திருந்த பூங்கொத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியில் வைத்தார். அன்று வெர்னாவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஹாப்குட் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். வழியில் பார்த்தபோது வெர்னா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவர் விடவில்லை.

"நீ சொன்னது சரிதான் வெர்னா. கேட்டவங்கதான் சரியில்ல."

திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

தடை விழுந்த அணியின் ஆட்டக்காரன் காத்திருக்காமல் வேறு கல்லூரிக்குப் போய் ஆடலாம் என்று ஒரு விதி உண்டு. பையன்களுக்கு இரங்கிப் போட்ட விதி. அதைப் பிடித்துக்கொண்டு கீஷானை அள்ளிக்கொண்டு போனவர்கள் யார் என்று சொல்லவும் வேண்டுமா? குன்றுக்காரர்கள்தான். வல்லான் வகுத்ததே வாய்க்கால்.

மே மாதம் கீஷான் விடைபெற வந்தான். வெர்னாவின் அறையில், எதிரே இருந்த சின்ன நாற்காலியில் முழங்கால் இரண்டும் மோவாயைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்தான். முதலாண்டிலிருந்து எது நடந்தாலும் அவளிடம் ஒப்பித்துப் பழகியவன். அந்தப் பழக்கத்தில்தான் சொன்னான்.

"அம்மாவுக்கு அங்க வீடு கெடைச்சிருக்கு மிஸ் வெர்னா. ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்லயே. மாடி ஏற வேண்டியதில்ல."

"யாரு குடுத்தா?"

"அதைக் கேக்கக் கூடாதுன்னுட்டாங்க." அவன் கைகளைப் பார்த்துக்கொண்டான். "ஒரு தடவகூட விடாமப் போறாங்க. கால் வீக்கம் வடிஞ்சிருச்சு. நேத்து அவங்களே நடந்து கடைக்குப் போய்ட்டு வந்தாங்க."

கொட்டகை மாடியில் ஒரு கட்டிலுக்கு இந்தக் கல்லூரியின் குரல்வளையை நெரித்தார்கள். அங்கே முழு வீடு. வெர்னாவுக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் வடிந்த காலைப் பற்றிச் சொன்னபோது அந்தப் பையனின் முகம் எப்படி இருந்தது என்பதையும் அவள் பார்த்தாள். நன்றாக ஆடு என்று மட்டும் சொல்லி அனுப்பிவைத்தாள்.

ஜூலையில் லிண்ட்ஹோம் போன் செய்தார். குரலில் ஒரு துடிப்பு. குன்றுக்காரர்கள் ஏதோ ஒரு வீடு கொடுத்திருப்பதாகக் காதில் விழுந்திருக்கிறது, அக்கம்பக்கத்தில் எவரும் வாய் திறக்கவில்லை, இந்த முறை அவர்களை விடுவதாக இல்லை என்றார். போகும்போது கீஷான் அவளிடம் ஏதாவது சொன்னானா என்று கேட்டார்.

 வெர்னாவுக்குப் பழி தீர்க்க வழி தானாக வந்து வாசலில் நிற்கிறது. ஹாப்குட்டுக்காக, டோபியாஸுக்காக, ஒரு வார்த்தை போதும்.

"நான் சொன்னா மொதல்ல என்ன நடக்கும்?"

முதலில் பையனை ஆட்டத்திலிருந்து நிறுத்திவைப்பார்கள் என்றார் லிண்ட்ஹோம். வீட்டை அன்றைக்கே காலி செய்ய வேண்டியிருக்கும்.

"குன்றுக்காரங்களுக்கு?"

அவர் நேர்மையான மனிதர், அதனால் தயங்கினார். அது இரண்டு மூன்று வருடம் இழுக்கும் என்றார். வக்கீல்கள் வருவார்கள், பையன் எங்களையும் ஏமாற்றிவிட்டான் என்பார்கள், கடைசியில் என்ன ஆகுமென்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார்.

வெர்னாவுக்கு அந்த ஓட்டல் தாழ்வாரம் கண்முன் வந்தது. குன்று அசையாது. பையன் போவான், அவனோடு ரோண்டாவும் போவாள், மலையடிவாரத்துக்கு, பேருந்து இல்லாத அந்த வீட்டுக்கு. இந்த முறை அவள் பிழைக்கமாட்டாள்.

"என்கிட்ட அவன் ஒண்ணும் சொல்லல."

"நெஜமாவா, வெர்னா?"

"நான் பொய் சொல்லி நீங்க பாத்திருக்கீங்களா?"

மறுமுனையில் அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. இல்லை, பார்த்ததில்லை, இந்த மாநிலத்திலேயே நான் நம்புகிற ஒரே ஆள் நீங்கள்தான் என்றார். நீங்களே இல்லை என்றால் இல்லைதான், விசாரணையை மூடிவிடுகிறேன் என்று சொல்லி நன்றியும் சொன்னார்.

அவள் போனை வைத்தாள்.  குன்றுக்காரர்களுக்கு அவர்களுடைய வக்கீல்கள் எல்லாரும் சேர்ந்து செய்யக்கூடியதை அவள் ஒரு வார்த்தையில், இலவசமாகச் செய்து கொடுத்துவிட்டாள். இத்தனை வருடம் காத்த நல்ல பெயர் அதற்குத்தான் பயன்பட்டது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். அன்று வெள்ளிக்கிழமை, ரோண்டாவுக்கு ஆஸ்பத்திரி நாள். இந்நேரம் தெருவைக் கடந்து போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் எதையும் நினைக்க அவளுக்குத் தெம்பில்லை.