வேப்பமரத்தடியில் கட்டிய கிடா

பரவையில் சர்ச்சுக்கு எதிர்வீடு என்னுடையது. நான் அந்தச் சபையைச் சேர்ந்தவள் இல்லை. இருந்தாலும் ஆராதனைக்கு யார் தாமதமாக வருகிறார்கள், யார் அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு போகிறார்கள் என்பதெல்லாம் போதகரைவிட எனக்குத்தான் தெரியும்.

அறுப்பின் பண்டிகை ஞாயிறு எனக்கும் பண்டிகைதான். விடிந்ததிலிருந்து சர்ச் வாசல் வேப்பமரத்தடியில் காணிக்கை வந்து குவியும். பூசணிக்காய், வாழைத்தார், கோழி. ஒரு வருடம் மிக்ஸிகூட வந்தது. மரத்தடிக்கு வந்துவிட்டால் அது ஆண்டவருடையது. வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் மைக்கைப் பிடித்து ஏலம் விடுவார்கள். ஒரு கட்டு முருங்கைக்காய் மூவாயிரத்துக்குப் போகும். எடுத்தவரே பெருமைக்கு அதைத் திருப்பி வைப்பார், மறுபடி ஏலம். சேருகிற பணம் கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு. எந்தச் சாமி கும்பிடுகிறாய் என்று கேட்க மாட்டார்கள்.

இந்த வருடம் பட்டியலில் முதல் பெயர் இருளாயி. அவள் புருஷன் மலையாண்டி மூட்டை இறக்கும்போது லாரியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடக்கிறான். அவனுக்குச் சக்கர நாற்காலி, வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி. நாற்காலி வீட்டுக்கே வந்துவிடும், அரிசியை மட்டும் பின்தெருப் பள்ளிக்கூடத்தில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள்.

பதினோரு மணிக்கு இருளாயி வந்தாள், ஒரு கறுப்புக் கிடாயைப் பிடித்துக்கொண்டு. அதை வேப்பமரத்தில் கட்டிவிட்டுப் பின்தெருவுக்குப் போனாள். மாடியிலிருந்து பார்த்த எனக்கு வாய் பொறுக்கவில்லை. கீழே இறங்கிப் பக்கத்து வீட்டு சுபலட்சுமியிடம் சொன்னேன்: "ஓசி அரிசி வாங்க வந்தவ கிடா காணிக்க வைக்கிறா பாத்தியா? எம்புட்டுப் பகட்டு."

ஏலம் விடுகிற இம்மானுவேல் விவரமான பையன். கிடாயைப் பார்த்ததும் மைக்கை மூடிக்கொண்டு கேட்டான்.

"தமிழ்ச்செல்விக்கா, இது யாரு வச்சது?"

"இருளாயிதான். இப்பத்தான் அவ கையால கட்டிட்டுப் போறா. நான் பாத்தேன்ல."

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

பதினாலாயிரத்துக்குக் கிடா போனது. எடுத்தவர் சிம்மக்கல்லில் கறிக்கடை வைத்திருக்கும் அழகுபாண்டி. வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கால் மணி கழித்து இருளாயி தலையில் அரிசி மூட்டையோடு வந்தாள். மரத்தைப் பார்த்தாள். மரத்தைச் சுற்றி வந்தும் பார்த்தாள். மூட்டையை இறக்காமலே கேட்டாள்.

"அக்கா, இங்கன கட்டியிருந்த கிடா எங்க?"

நான்தான் முந்திக்கொண்டேன். "அது... நீ காணிக்கைக்கு வச்சதில்லையா?"

"காணிக்கையா? அது எம் மக கனகாவுக்குப் பரிச்ச பீசுக்கா. நாளைக்குச் சந்தையில விக்கணும். வீட்ல பாக்க ஆளில்லன்னு கையோட புடிச்சிட்டு வந்தேன். மைக்குல கிடான்னு சத்தம் கேட்டுச்சு. எந்த மகராசன் குடுத்தானோன்னு நெனச்சேன்."

இம்மானுவேல் என்னைப் பார்த்தான். சுபலட்சுமியும் என்னைப் பார்த்தாள். போதகர் வாழைத்தாரைப் பார்த்தார். அழகுபாண்டிக்குப் போன் போட்டார்கள், அடித்துக்கொண்டே இருந்தது. பகல் பன்னிரண்டுக்கு அவருக்கு ஒரு விசேஷ வீட்டுக் கறி ஆர்டர் என்பது எனக்குத் தெரியும். அதுவரை ஊர் விஷயம் தெரிந்திருப்பது எனக்குச் சுகமாகவே இருந்தது. முதல் தடவையாக, தெரியாமலே இருந்திருக்கலாம் என்று பட்டது.

"ஆத்துப் பாலத்துக்கு முன்னாடி டீக்கடை இருக்கு. அங்க வடை திங்காம அவரு தாண்ட மாட்டாரு. வண்டிய எடுடா" என்றேன். ஐம்பத்திரண்டு வயதில் இம்மானுவேலின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். ஊரே பார்த்தது. பார்க்கட்டும்.

அழகுபாண்டி இரண்டாவது வடையில் இருந்தார். வேனுக்குள் கிடா உயிரோடு நின்றது. விஷயத்தைக் கேட்டதும் வடையைத் தட்டில் வைத்தார்.

"ஏலத்துல குடுத்த காச நான் திருப்பி வாங்க மாட்டேன் தம்பி. பத்து வருசமா இந்த ஏலத்துல எடுத்த ராசியிலதான் கடை ஓடுது. கிடாய மரத்தடியிலயே விடுறேன். மறுபடி ஏலம் போடுங்க."

திரும்பி வந்து கட்டினோம். இம்மானுவேல் மைக்கில், "இந்தக் கிடா மறு ஏலம். கேக்குறவங்க கேக்கலாம்" என்றான். அதற்குள் விஷயம் எல்லோருக்கும் பரவியிருந்தது. இருளாயி முந்தி முடிச்சை அவிழ்த்தாள்.

"பத்து ரூவா."

ஏழெட்டு ஆயிரம் அலட்சியமாகக் கேட்கிற கூட்டம், மூச்சு விடவில்லை.

"பத்து ரூவா ஒரு தரம். பத்து ரூவா ரெண்டு தரம்..."

"ஐநூறு!"

எனக்கு உயிரே போய்விட்டது. அப்போதுதான் சைக்கிளில் வந்து இறங்கிய ஆள், ஒன்றும் தெரியாமல் கையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறார். என் புருஷன் அசோக்குமார்.

கூட்டம் முழுவதும் திரும்பியது. இருளாயியின் கை பத்து ரூபாய்த் தாளோடு அப்படியே நின்றது. ஏலத்தில் கேட்டதை வாபஸ் வாங்கும் வழக்கம் அங்கே இல்லை. இம்மானுவேல் மைக்கைத் தட்டினான்.

"அண்ணே, என்னமோ சொன்னீங்க, எனக்குக் கேக்கல. பத்து ரூவா மூணு தரம்."

சர்ச் வாசலில், போதகர் முன்னால், அந்தப் பையன் பொய் சொன்னான். போதகர் இன்னும் வாழைத்தாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரிசி மூட்டையைத் தூக்கிவிட நான்தான் போனேன். வாங்கிக்கொண்டாள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"இம்மானுவேல் கேட்டப்ப, ஒரு எட்டு வந்து என்னயக் கேட்டுச் சொல்லியிருக்கலாம்லக்கா. பின்தெருதான்."

எதற்கும் பதில் வைத்திருப்பவள் நான். அன்றைக்கு "ஆமா, கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினேன். சுபலட்சுமி அதையும் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள்.