வீடு மாறிய சேதி

அருவிக்கு எதிரே வேன் நின்றதும் என் மனைவி லூசியம்மாள் முதலில் பையைத் திறந்து பார்த்தாள். சாமந்தி மாலை, மெழுகுவத்திக் கட்டு, தீப்பெட்டி, ஒரு காலிங்பெல் சுவிட்ச். சுவிட்ச் எதற்கு என்று நெய்வேலியில் கிளம்பும்போதே கேட்டேன். "அவனுக்குக் காட்டணும்" என்றாள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. செத்துப்போன பிள்ளைக்கு சுவிட்சைக் காட்ட விடியற்காலையில் வேன் வைத்துக்கொண்டு மலையேறுகிறவர்கள் இந்த உலகத்தில் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம்.

அன்று கல்லறைத் திருநாள். எங்கள் ஜனங்கள் எல்லாம் கல்லறைத் தோட்டத்தில் சிலுவைக்கு வெள்ளையடித்து, மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு இருப்பார்கள். எங்களுக்குக் கல்லறை இல்லை. தானே புயல் அடித்ததற்கு அடுத்த வருஷம் எங்கள் மகன் ஜெப்ரின் கூட்டாளிகள் நாலு பேரோடு இந்த அருவியில் குளிக்க வந்தான். மேலே எங்கேயோ பெய்த மழைக்குத் திடீரென்று வெள்ளம் இறங்கிவிட்டது. மற்றவர்கள் பாறையைப் பிடித்து ஏறிக்கொண்டார்கள். இவன் ஏறவில்லை. ரோட்டுப் பாலத்துக்கு அடியில் புகுந்து பள்ளத்தில் விழுகிற தண்ணீர் அது. ஒன்பது நாள் தேடினார்கள். ஒரு செருப்பு கிடைத்தது. பங்குச் சாமியார் அடையாளத்துக்கு ஒரு கல்லறை கட்டலாம் என்று சொன்னபோது, "செருப்பைப் பொதைக்கவா சாமி?" என்று லூசியம்மாள் கேட்டாள். அவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆகவே மூன்றாவது வருஷமாக இந்த நாளில் இங்கேதான்.

அருவி பார்க்க அழகாகத்தான் இருக்கும், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ரோட்டிலிருந்து பத்தே அடி. கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து ஆளாளுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டு இருந்தார்கள். ஒரு குரங்கு யாருடைய சிப்ஸ் பாக்கெட்டையோ பிடுங்கிக்கொண்டு ஓட, ஒரு கூட்டமே கைதட்டிச் சிரித்தது. சோளக்கதிர் சுடுகிற மாணிக்கம்மாள் எங்களைப் பார்த்ததும் விசிறியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். வருஷம் தவறாமல் எழுந்து நிற்கிறாள். அது எனக்குப் பிடிக்காது.

இந்த வருஷம் வந்ததற்கு வேறு காரணமும் இருந்தது. இரண்டு நாளுக்கு முன்புதான் நான் ரிட்டையர் ஆனேன். முப்பத்து நாலு வருஷம் நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் ஆபரேட்டர். இனி குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். பக்கத்து ஊரான வடக்குத்தில் சொந்தமாக ஒரு வீடு கட்டி முடித்தாயிற்று. சாமான்களைக் கட்ட ஆரம்பித்த நாளிலிருந்து லூசியம்மாள் சோறு தின்னவில்லை.

"அவன் வந்து பெல் அடிச்சான்னா யாருங்க தொறப்பா? புதுசா வர்ற பொம்பள, யாரு நீன்னு கேப்பா. புள்ள தெகச்சிப் போயி நிக்கும்."

இதைக் கேட்டுப் பைத்தியம் என்று நினைக்கிறவர்கள் எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும். ஜெப்ரின் எப்போதும் பெல்லை இரண்டு தரம் அடிப்பான், அவசரமாக, விரலை எடுக்காமலேயே அடிக்கிற மாதிரி. அவன் போன மூன்றாம் மாதத்திலிருந்து மத்தியான வேளையில் அந்த பெல் அப்படியே அடிக்க ஆரம்பித்தது. திறந்தால் யாரும் இல்லை. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, "லைன்ல ஒரு குத்தமும் இல்ல சார்" என்றான். நானே ஒயரை வெட்டிப் போட்டேன். அதற்குப் பிறகும் அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்துகொண்டுதான் இருந்தாள். நான் திட்டுவேன். திட்டிக்கொண்டே இருந்த ஒரு மத்தியானம், ஒயர் வெட்டி எட்டு மாதம் கழித்து, எனக்கும் கேட்டது. இரண்டு தரம். நான் பேப்பரை மடிக்கவில்லை. அவளிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், அவன் வாசலோடு நின்றுவிடுவது ஏன் என்று எனக்குத் தெரியும். இங்கே கிளம்பி வந்த அன்று காலையில் அவனுக்கு அப்ரண்டிஸ் இன்டர்வியூ. போகவில்லை. ஷூ போட்டுக்கொண்டு போக வேண்டியவன் செருப்பை மாட்டிக்கொண்டு கூட்டாளிகளோடு கிளம்பினான். நான் நைட் ஷிப்ட் முடித்து வந்த தூக்கக் கலக்கத்தில் வாசலில் மறித்துக்கொண்டு சொன்னேன்: "போனா அப்பிடியே போயிடு. திரும்பி வந்து இந்த வாசப்படிய மிதிக்காத." சொல் தட்டாத பிள்ளை என்று அவனை யாரும் சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லைத்தான் தட்டவில்லை. மாதா கோயிலில்கூட நான் இதைச் சொன்னதில்லை.

லூசியம்மாள் கம்பியில் மாலையைக் கட்டினாள். மெழுகுவத்தி ஏற்ற ஏற்ற சாரல் அணைத்தது. சுவிட்சைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துப் பேசினாள். வீடு மாறுகிறோம், வடக்குத்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின் தெரு, பச்சை கேட், இதே சுவிட்சைத்தான் அங்கேயும் மாட்டப் போகிறோம். பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் காதில் விழுந்தது.

எங்கள் வேன் டிரைவர் கார்முகில் வடக்குத்துப் பையன். தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. தண்ணில போனவங்கள எங்காளுங்க பேரு சொல்லித்தான் கூப்புட்டு வூட்டுக்கு இட்டுக்கினு வருவாங்க. பெத்தவரு கூப்புடணும். கெளம்புனா திரும்பிப் பாக்கக் கூடாது."

"நாங்க வேதக்காரங்கப்பா. அதெல்லாம் கெடையாது."

"நீங்க கூப்புடுங்க" என்றாள் லூசியம்மாள், திரும்பாமலே. "என் கொரலு எட்டாது. மைன்ஸ்ல கத்துன கொரலு ஒங்களுக்குத்தான."

மைன்ஸில் யாரும் கத்துவதில்லை. கன்வேயர் சத்தத்தில் எந்தக் குரலும் எடுபடாது. கைதான் பேசும். தலைக்கு மேலே கையைச் சுற்றினால் ஓட்டு, குறுக்கே பிடித்தால் நிறுத்து, உள்ளங்கையை நெஞ்சுக்கு இழுத்தால் வா. சின்ன வயதில் ஜெப்ரின் இதையெல்லாம் என்னிடம் கற்றுக்கொண்டான். கிரவுண்டில் விளையாடும்போது நான் வராந்தாவிலிருந்து கையை இழுத்தால் போதும், பேட்டைப் போட்டுவிட்டு ஓடி வருவான்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஜெப்ரின்" என்றேன். அருவிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் கத்தினேன். போட்டோ எடுத்துக்கொண்டு இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வூடு வடக்குத்துலடா" என்று கத்தினேன். அதோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆண்டவர் சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"படி மிதிடா! அப்பா ஏதோ கோவத்துல சொல்லிட்டன்டா. வாசல்ல நிக்காத. உள்ள வாடா!"

சொல்லி முடித்த பிறகுதான் பக்கத்தில் அவள் நிற்பது உறைத்தது. மூன்று வருஷம் மூடி வைத்ததை நானே நடுரோட்டில் கொட்டிவிட்டேன். அவள் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு தண்ணீரையே பார்த்தேன்.

"அன்னிக்கி நான் சமையக்கட்டுலதான் இருந்தேன்" என்றாள் லூசியம்மாள்.

அவ்வளவுதான் சொன்னாள். வருஷா வருஷம் என்னை இங்கே எதற்கு இழுத்துக்கொண்டு வந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அழுதேன். அவள் அழவில்லை. என் தோளில் இருந்த துண்டை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

கிளம்பும் முன்பு நான் ஒரே ஒரு தரம் கையைத் தூக்கி, உள்ளங்கையை நெஞ்சுக்கு இழுத்தேன். பிறகு திரும்பிப் பார்க்காமல் ரோட்டைக் கடந்தோம். மாணிக்கம்மாள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். அவள் பார்வை என்மேல் இல்லை, எனக்கு இரண்டடி பின்னால் இருந்தது. சட்டென்று ஓர் அடி ஒதுங்கி வழி விட்டாள்.

வேனில் லூசியம்மாள் ஜன்னல் பக்கம் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டாள். நான் இந்த ஓரத்தில், நடு சீட் காலி. கார்முகில் கதவைச் சாத்த வந்தான்.

"நல்லா வசதியா ஒக்காருங்கம்மா. அதான் எடம் கெடக்குதே."

"இருக்கட்டும்பா."

அவன் கதவில் கை வைத்தான். "இரு, இன்னும் சாத்தாத" என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவன் கதவைப் பிடித்தபடி நின்றான். சாரல் சீட்டில் விழுந்துகொண்டு இருந்தது. லூசியம்மாள் மடியில் இருந்த சுவிட்சை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் இன்னும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன்.

"ம். இப்ப சாத்து."