இடது ஓரத்தில் அக்கா

வீட்டில் அவளுக்குச் சிட்டு என்று பெயர். பள்ளி ஹாக்கி அணியில் அவள் நடுவில் ஆடுவாள், இரண்டு வயது மூத்த அக்கா இடது ஓரத்தில். பந்து கிடைத்ததும் சிட்டு இடது பக்கம் தட்டிவிடுவாள். திரும்பிப் பார்க்க மாட்டாள். அக்கா அங்கே இருப்பாள்.

விளையாட்டு விடுதித் தேர்வுக்குப் பத்து நாள் முன்னால் அக்காவின் முழங்கால் பிசகிவிட்டது. சிட்டுவை மட்டும் எடுத்தார்கள்.

"நீ இல்லாம நான் போகலக்கா."

"போடி. இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் எங்க ஓடிடப் போறேன்?" என்று சிரித்தாள் அக்கா. பெட்டியை அவளே அடுக்கிக் கொடுத்தாள்.

விடுதி அறையில் எட்டு இரும்புக் கட்டில்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் போன் பேசலாம். அம்மாவின் மூட்டுவலி, தான் சேர்ந்த தையல் கம்பெனி, அங்கே மூச்சுக்கு முந்நூறு தடவை கத்தும் சூப்பர்வைசர் என்று அக்கா எல்லாம் சொல்வாள். ஹாக்கியைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டாள்.

நான்கு வருடம் கழித்து நாட்டின் இளையோர் அணியில் சிட்டுவுக்கு இடம் கிடைத்தது. முதல் ஆட்டத்திலேயே நல்ல பந்து ஒன்றை, பழைய பழக்கத்தில் திரும்பிப் பார்க்காமலே இடது பக்கம் தட்டினாள். அது நேரே கோட்டைத் தாண்டி வெளியே போனது.

"யாருக்குமா அடிச்ச? அங்க ஆளே இல்லையே!" என்று கத்தினார் பயிற்சியாளர்.

அடுத்த இரண்டு ஆட்டம் அவளுக்குப் பெஞ்சுதான். அதன் பிறகு தலையை நிமிர்த்திப் பார்த்து அடிக்கப் பழகினாள்.

விடுமுறைக்கு வந்தபோது, மதிய இடைவேளையில் தையல் கம்பெனி வாசலில் போய் நின்றாள். அக்கா சட்டையில் நூல் துணுக்குகளோடு வெளியே வந்தாள்.

"நான் ஆடுறத ஒரு தடவையாவது பாத்தியாக்கா?"

அக்கா சட்டையில் ஒட்டியிருந்த நூலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

"ஒரு தடவை போன்ல போட்டுப் பாத்தேன். என் கால் தானா உதைக்குதுடி. பக்கத்துல படுத்திருந்த அம்மாவுக்கு நல்ல அடி." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "நீ ஜெயிக்கணும்னு தினம் வேண்டிக்கிறேன். ஆனா பாக்கச் சொல்லாத. முடியல."

சிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மணி அடித்தது. அக்கா உள்ளே போனாள்.

அந்த வருடமே சிட்டு நாட்டின் முதன்மை அணிக்கு வந்துவிட்டாள். ஞாயிறுதோறும் இப்போதும் பேசிக்கொள்கிறார்கள். "சாப்டியா?" என்பாள் அக்கா. ஆட்டம் என்னாயிற்று என்று அவள் கேட்பதில்லை, சிட்டுவும் சொல்வதில்லை.