பேசாமல் இருந்தால் சரி என்று அர்த்தம்

சந்தேஷ் இனிப்புத் தட்டை நீட்டிய சௌந்தரத்தின் கை அப்படியே நின்றுவிட்டது. பெண் பார்க்க வந்திருந்த தமிழரசி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஏரோப்ளேனுக்குக் கொடி ஆட்டுறதுக்கா இத்தனை படிப்பு?" அவள் மகன் ஜெயபிரகாஷ், கல்கத்தா நியூ டவுனில் கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம், சிரித்தான். கூடவே சௌந்தரத்தின் கணவர் வேலாயுதமும் சிரித்தார். அதைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொடியாம். எழுத்துப் பரீட்சையில் தேறி, குரலுக்கு ஒரு சோதனை, கண்ணுக்கும் காதுக்கும் ஒரு சோதனை என்று தாண்டி, வெளியூரில் பயிற்சி முடித்து, இப்போது சீனியர் ஒருவர் முதுகுக்குப் பின்னால் நிற்க, டம்டம் விமான நிலைய டவரில் விமானங்களோடு பேசிக்கொண்டிருக்கிறாள் மகள் பூர்ணிமா. அடுத்த வாரம் கடைசிப் பரீட்சை. அதில் தேறினால்தான் தனியாக மைக் கைக்கு வரும். சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில், இதே வீட்டுச் சமையலறையில், ஒத்திகைக்குப் பைலட்டாக இருந்தவள் சௌந்தரம்தான். மகள் லெஃப்ட் ரன்வேயில் இறங்கச் சொன்னால், கரண்டியும் கையுமாக அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். நடுநடுவே சௌந்தரம் வேண்டுமென்றே ரைட் என்பாள். ஒரு தடவை அதைக் கவனிக்காமல் விட்டுவிட்ட பூர்ணிமா அழுதே விட்டாள். "பைலட் தப்பாத் திருப்பிச் சொல்லி நாம பேசாம இருந்தா, சரின்னு சொன்ன மாதிரிம்மா. அப்புறம் என்ன ஆனாலும் பழி நம்ம மேலதான்."

தமிழரசி விரலைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப, கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு இந்த வேலைய விட்டுடும்னு போன்ல பேசினோமே, அதுல மாத்தம் இல்லையே அண்ணே?"

போனில் பேசும்போது சௌந்தரம் பக்கத்திலேயேதான் இருந்தாள். விடமாட்டாள் என்றுதான் அன்றைக்கு வேலாயுதம் சொன்னார். இப்போது டீ கப்புக்குள் எதையோ தேடினார். பூர்ணிமா அம்மாவைப் பார்த்தாள். பெண் பார்க்கும் இடத்தில் பெண் வாய் திறக்கக் கூடாது. பெண்ணைப் பெற்றவள் திறக்கவே கூடாது. எந்த மடையன் வைத்த சட்டமோ.

"தப்பு," என்றாள் சௌந்தரம்.

"என்னது?"

"பூர்ணிமா வேலைய விட மாட்டாள்னுதான் நாங்க சொன்னோம். திருப்பிச் சொல்லுங்க."

பூர்ணிமா நாற்காலி நுனிக்கு நகர்ந்து, காதில் ஹெட்செட் மாட்டியிருப்பவளைப் போல, தமிழரசியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.