கொள்ளிக்கு உரியவன்

சலூன்காரர் கத்தியைத் தண்ணீரில் முக்கி எடுத்து தினுஷனின் தலையில் வைக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, இதில நான் எதை எடுக்கிறது?"

வழிக்க ஒன்றுமில்லை. பயிற்சி முகாமில் மெஷினால் ஒட்ட வெட்டி அனுப்பியிருந்தார்கள். கிணற்றடியில் நின்ற ஆண்களில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "தாய்க்குக் குடுக்க வேண்டியதை அங்கயெல்லோ குடுத்திட்டு வந்திருக்கிறான்." செத்த வீட்டில் சிரிக்க ஒரு சாட்டுக் கிடைத்தால் உடப்பு ஊர்ச் சனம் விடுமா?

மயூரதி குசினி யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தினுஷன் அவளுக்கு ஒரே தம்பி, பதினேழு வயது இளையவன். விறாந்தையில் பெட்டிக்குள் கிடப்பது இருவருக்கும் தாய், தவமணி. நேற்று முன்தினம் விடியப்புறம் உயிர் போனது. தம்பி இன்று காலைதான் வந்து இறங்கினான், வெள்ளைச் சட்டையும் டையும் பளபளவென்று சப்பாத்துமாக. செத்த வீட்டுக்கு டை கட்டிக்கொண்டு வந்த முதல் ஆள் அவனாகத்தான் இருக்கும். முகாமிலிருந்து வெளியே போவதென்றால் அப்படித்தான் போக வேண்டுமாம்.

"நிப்பாட்டு!"

படலைக்குள் நுழைந்துகொண்டே சிவசுப்பிரமணியம் கத்தினார். தவமணியின் தமையன், கரைவலைச் சம்மாட்டி. கடற்கரையில் ஐம்பது பேரை அதட்டி வலை இழுப்பித்த தொண்டை அது.

"அவன் கொள்ளி வைக்கக் கூடாது. தங்கச்சி சூடம் அணைச்சவ. எல்லாரும் மறந்திட்டீங்களோ?"

ஒருவரும் மறக்கவில்லை. யார் முதலில் சொல்வது என்றுதான் காத்திருந்தார்கள்.

எட்டு மாதத்துக்கு முந்திய கதை. தினுஷன் கெம்பஸில் இரண்டாம் வருடம், பொறியியல் படிக்கிறான். படித்துக்கொண்டே இராணுவ அதிகாரி ஆகலாம் என்று ஓர் அறிவித்தல் வந்தது. வீட்டுக்குச் சொல்லாமல் விண்ணப்பித்தான். நேர்முகம், ஓட்டம், வைத்தியப் பரிசோதனை எல்லாம் தாண்டிய பிறகு வந்து சொன்னான். லீவு நாட்களில் பயிற்சி, மாதாமாதம் ஒரு கொடுப்பனவு, பட்டம் எடுத்ததும் தோளில் நட்சத்திரம். ஊரில் சிலர் கைகுலுக்கினார்கள். இந்தக் காலத்தில் என்ன, எல்லாரும் ஒரே நாட்டுச் சனம்தானே என்றார்கள். அவர்கள் வீட்டில் ஒருவரும் காணாமல் போயிருக்கவில்லை, சொல்லலாம்.

மயூரதியின் புருஷன் கேதீஸ்வரன் காணாமல் போனவன். இரண்டாயிரத்து எட்டில் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நின்றான். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட இறங்கிப் போனவனைச் சீருடை போட்ட நாலு பேர் ஒரு வான் வண்டியில் ஏற்றியதாகக் கடையில் வேலை செய்த ஒருவன் சொன்னான். எந்தச் சீருடை, யாருடைய வான் என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை. கல்யாணமாகிப் பதினொரு மாதம். அப்போது தினுஷனுக்கு ஆறு வயது. அக்காவின் மடியில் படுத்துக்கொண்டு, "அத்தான் எப்ப வருவார்?" என்று ஒரு வருடம் கேட்டான். பிறகு கேட்பதை விட்டுவிட்டான்.

அவன் செய்தி சொன்ன அன்றைக்கே தவமணி அவனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு திரௌபதை அம்மன் கோயிலுக்குப் போனாள். பூசைக்கு வந்த சனத்துக்கு முன்னால் உள்ளங்கையில் சூடத்தைக் கொளுத்தி மற்றக் கையால் அடித்து அணைத்தாள்.

"என்ர மருமகனைக் கொண்டுபோன உடுப்பை இவன் போட்டா, எனக்கு இவன் கொள்ளி வைக்கக் கூடாது. தாயே, நீ சாட்சி!"

கொப்பளம் ஆறப் பத்து நாள் எடுத்தது. அவன் அதற்கு முன்னமே பயிற்சிக்குப் போய்விட்டான். போகும்போது அக்காவிடம் மட்டும், "கோவமா அக்கா?" என்று கேட்டான். "எனக்கென்ன," என்றாள். "எனக்கு அது பிடிச்சிருக்கக்கா. உண்மையாப் பிடிச்சிருக்கு," என்றான். வேறு வழியில்லை, காசுக்காகப் போகிறேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தாலும் அவள் பொறுத்திருப்பாள். பிடித்திருக்கிறதாம்!

சூடம் அணைத்த சத்தியத்தை அணைத்தவர்தான் எடுக்க வேண்டும். பூசகராலும் முடியாது. எடுக்காமல் கண்ணை மூடினால், மீறுகிறவனின் குடும்பம் விளங்காது என்பது உடப்பில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

"அம்மா கோவத்தில செய்தது, மாமா," என்றான் தினுஷன். முக்காலியில் இருந்தபடியே சொன்னான். தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது.

"கோவமோ குணமோ, சூடம் சூடம்தான்டா. தங்கச்சி அதை எடுத்தவ எண்டு ஒராள் சொல்லட்டும், நானே உன்ர தோளில கொள்ளிக்குடத்தைத் தூக்கி வைக்கிறன். எனக்கென்ன, என்ர மகனை மொட்டையாக்க ஆசையோ?" அவர் குசினிப் பக்கம் திரும்பினார். "பிள்ளை மயூரதி! இஞ்ச வா."

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"படுக்கையில கிடந்த ஒன்பது நாளும் நீதானே கூட இருந்தனி. கொம்மா கடைசியில இதைப் பற்றி ஏதும் கதைச்சவவோ?"

கதைத்தாள்.

பாரிசவாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தாலும் ஐந்தாம் நாள் தவமணிக்குப் பேச்சுக் கொஞ்சம் திரும்பியது. மயூரதி கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தாள். கரண்டியைத் தள்ளிவிட்டு, "தம்பிக்குப் போன் அடி. வரச்சொல்லு," என்றாள் தாய். "அவன்தான் வைக்கோணும். சூடத்தை எடுத்திட்டன். கோயில் அம்மாளுக்குச் சொல்லிட்டன். பிள்ளைதானே... விடு."

விடு!

மயூரதிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நீ யார் விடுவதற்கு? போனது உன் புருஷனா? பதினாறு வருடம் ஒவ்வொரு அரசாங்கக் கந்தோர் வாசலிலும் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது நீயா? கேதீஸ்வரனுக்குக் கொள்ளி வைக்க ஒரு விரலாவது கிடைத்ததா? உனக்கு மட்டும் மகன் வந்து, குடம் உடைத்து, நெருப்பு வைத்து, எல்லாம் முறையாக நடக்க வேண்டுமோ? எல்லாம் நெஞ்சுக்குள்தான். கஞ்சிக் கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு, போனை எடுத்து எந்த இலக்கத்தையும் அழுத்தாமல் காதில் வைத்தாள்.

"ஓஃப்ல கிடக்கம்மா. அங்க ஞாயிற்றுக்கிழமைதான் போன் குடுப்பாங்களாம்."

ஞாயிற்றுக்கிழமையும் வந்து போனது. தினுஷன் இரண்டு தரம் போன் அடித்தான். அவள் எடுக்கவில்லை. தவமணி கடைசி நாள்வரை படலையைப் பார்த்தபடியே கிடந்தாள். கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லிக் கேட்டாள், படலை நன்றாகத் தெரிய. மயூரதி திருப்பிப் போட்டாள். அதை மட்டும் செய்தாள்.

"பிள்ளை, கேக்கிறன்," என்றார் மாமா. "சொன்னவவோ, இல்லையோ?"

கிணற்றடியே அவளைப் பார்த்தது. தினுஷனும் பார்த்தான். ஆறு வயதில், பள்ளிக்கூடத்தில் அடிவாங்கி வந்தால் எப்படிப் பார்ப்பானோ அப்படி. ஒரு சொல் போதும். 'ஓம்' என்றால் அவன் குடத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பான்.

"ஒண்டும் சொல்லேல்ல, மாமா," என்றாள். குரல் உடையவில்லை. "வாய் இழுத்துக் கிடந்தவ. எங்க கதைச்சவ?"

தினுஷன் எழும்பினான். தோளில் கிடந்த துவாயை எடுத்துத் தலையைத் துடைத்தான். முக்காலியைக் காலால் சரியாக்கி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

சிவசுப்பிரமணியத்தின் மகன் சியாம் வந்து அமர்ந்தான். முன்பக்கம் செம்மஞ்சள் நிறம் அடித்து வளர்த்திருந்த முடி. கத்தி பட்டதும் கண்ணீர் விட்டான். மாமிக்காகவா முடிக்காகவா என்று ஊர் பிறகு ஒரு கிழமை பட்டிமன்றம் நடத்தியது. நல்ல பெடியன்தான், பாவம். ஐயர் சொன்னதையெல்லாம் செய்தான். தினுஷனுக்கு வாய்க்கரிசி மட்டும் போட விட்டார்கள். அது சாட்சிக்காரனும் போடலாம், சண்டைக்காரனும் போடலாம்.

மூன்று மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். பெண்கள் படலையோடு நின்றுவிட வேண்டும். முன்னால் சியாம் கொள்ளிக்குடத்தோடு போனான். கூட்டத்தின் கடைசியில், சைக்கிள் உருட்டிக்கொண்டு போன இரண்டு பேருக்கும் பின்னால், வெறுங்காலோடு தினுஷன் போனான். "பெத்த பிள்ளை பின்னால போகுது பாருங்கோடி," என்று யாரோ ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

அப்போதுதான் மயூரதி நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தி அழுதாள். தாயைக் கூப்பிட்டு அழுகிறாள் என்று பெண்கள் அவளைப் பிடித்தார்கள். அவள் கூப்பிட்டது, "ஐயோ கேதீஸ்!" என்றுதான். சத்தத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

சுடலையால் வந்தவர்கள் குளித்துச் சாப்பிட்டுக் கலைந்தபோது ஐந்தரை. தினுஷன் கடைசிப் பந்தியில் இருந்தான். சோறும் பருப்பும் கத்தரிக்காயும். மயூரதிதான் பரிமாறினாள்.

"அக்கா."

"என்ன?"

"மாமா கேட்டதை விடு. நான் கேக்கிறன். அம்மா என்னைத் தேடவே இல்லையா?"

மற்றப் பந்திக்காரர் எழும்பிவிட்டார்கள். கேட்க யாருமில்லை. இப்போது சொல்லலாம். சொன்னாலும் எரிந்ததை இனி மாற்ற முடியாது. இவனுடைய நெஞ்சு மட்டும் கொஞ்சம் ஆறும். ஆறட்டும் என்று நினைக்க அவளால் முடியவில்லை.

"இல்ல," என்றாள்.

அவன் தலையாட்டினான். ஒரு பிடி சோற்றைக் குழைத்துக்கொண்டே, "அம்மாட கோவம் ஞாயம்தான்," என்றான். "உனக்காகத்தானே கோவிச்சவ. நான்தான் உன்னட்ட ஒழுங்காக் கேட்டிட்டுப் போயிருக்கோணும். குறை நினைக்காதயக்கா."

அவள் இன்னும் ஓர் அகப்பைப் பருப்பு விட்டாள். அவன் வேண்டாமென்று சொல்லாமல் சாப்பிட்டான்.

"எட்டாம் நாள் செலவு வரைக்கும் நில்லன்டா."

"அம்மாட கிரியை செய்யவெண்டு எழுதிக் குடுத்துத்தான் பத்து நாள் லீவு எடுத்தனான். செய்யேல்லையே. சியாம் செய்வான். நான் நிண்டு என்ன செய்ய?"

கை கழுவினான். படியில் குந்தியிருந்து சப்பாத்துக்கு நாடா கட்டினான். டையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தான். விறாந்தையில் இருந்த பெண்கள் கதையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். செத்த வீட்டில் போயிட்டு வாறன் என்று சொல்லக் கூடாது. அது வந்து போகிறவர்களுக்குள்ள முறை. வீட்டுப் பிள்ளைக்கு அந்த முறை இல்லை, அவன் சொல்லலாம். தினுஷன் ஒருவரிடமும் சொல்லவில்லை. வந்தவர்கள் போவதுபோல எழும்பி, திரும்பிப் பார்க்காமல், படலையைத் தாண்டி பஸ்ஸுக்குப் போனான்.

மயூரதி அவன் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.