முஜிரா வீட்டின் இன்றைய இடம்

அளவு நாடாவின் ஒரு முனையைப் பல்லில் கடித்தபடி சர்விஜி வரப்பின் மேல் ஓடிக்கொண்டிருந்த அந்தக் காலையில், முஜிராவின் வீடு தன் பழைய இடத்திலிருந்து இருநூற்று முப்பத்தெட்டு மீட்டர் கிழக்கே வந்திருந்தது. பத்தொன்பது வருடத்தில் அவ்வளவு தூரம். தினம் இரண்டு விரல்கடை. மதியத் தொழுகை முடிந்து, ஊற்றி வைத்த காபி ஆறுகிற நேரத்தில் தேக்குத் தூண்கள் ஒரு முனகு முனகும். வீடு நகரும். பிறகு மறுநாள் மதியம் வரை சாதாரண வீடாக இருக்கும். வாருலெகி கிராமத்தில் இதைவிடப் பச்சை மிளகாய் விலையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். அந்த வாரம் மிளகாய் கிலோ அறுபதாயிரம் ரூப்பியாவைத் தொட்டிருந்தது.

சர்விஜி ஓடியதற்குக் காரணம் மிளகாய் இல்லை. அவன் ஊராட்சியின் எழுத்தர். பகல் ஒரு மணிக்கு, ஊரில் சுற்றுலா விடுதிகள் கட்ட இடம் பார்க்க, சுரபாயா நகரத்திலிருந்து ஹர்சோனோ என்ற முதலீட்டாளர் வருகிறார். அவர் கையில் கொடுக்க ஒரு புத்தகம் தயாராக வேண்டும். 'வாருலெகி: பார்க்க வருவோருக்கும் முதல் போடுவோருக்கும்' என்று அட்டையில் போட்டாகிவிட்டது. மக்கள் தொகை ஆயிரத்து நூற்று நாற்பது, விளைவது நெல், கிராம்பு, காபி, பெரிய சாலைக்கு ஒன்பது கிலோமீட்டர் என்று நாலு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிவிட்டான். வரைபடம் மட்டும்தான் பாக்கி. முந்நூற்றுப் பதினொரு வீடுகளை மையில் வரைந்து முடித்தவன், ஒரே ஒரு வீட்டைப் பென்சிலில் போட்டு வைத்திருந்தான்.

ஊர்த்தலைவி ருமியாத்தி அதைத்தான் காலையில் பிடித்துக்கொண்டாள்.

"பென்சில்ல போட்ட வீட்டைப் பாத்துட்டு எவன் எழுத்தரே முதல் போடுவான்? நாளைக்கு நம்ம விடுதியை இடிச்சுக்கிட்டு உள்ள வந்துடுமோன்னு நினைக்க மாட்டான்?"

"வராதும்மா. தினம் ரெண்டு விரல்கடைதான்."

"ரெண்டு விரல்கடையோ ரெண்டு மைலோ, நகருற நிலம் நிலமே இல்லைன்னு போன்லயே சொல்லிட்டார் அந்த மனுஷன். அவர் வந்ததும் அவர் முன்னாடியே நீங்க அந்த வார்த்தையைச் சொல்லிடுங்க. பத்தொன்பது வருஷமா ஊரு உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்குமா?"

ருமியாத்தி பொல்லாதவள் இல்லை. முப்பது விடுதிகள் வந்தால் நாற்பது பிள்ளைகளுக்கு ஊரிலேயே வேலை. அவளுடைய ஒரே மகள் ஆறு வருடமாக ஹாங்காங்கில் யாரோ ஒரு முதியவருக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கிறாள். பெருநாளுக்குப் பெருநாள் போனில் முகம் காட்டுவாள். அந்த நாற்பதில் ஒன்று அவளுக்கு என்று தாய் மனசுக்குள் எழுதி வைத்துவிட்டாள்.

'அந்த வார்த்தை' என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

வாருலெகியில் மர வீடுகளைப் பிரித்து மாற்றிக் கட்டுவதில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு போவார்கள். கூரையை மட்டும் இளக்கிவிட்டு, தூண்களுக்குக் குறுக்கே மூங்கில் கழிகளைக் கட்டி, ஊர் ஆண்கள் எல்லோரும் தோள் கொடுப்பார்கள். வெறும் வீட்டைத் தூக்கக் கூடாது என்பதால் அந்த வீட்டுப் பெண் ஒருத்தி உள்ளேயே உட்கார்ந்து வருவாள். கூப்பாடு போடுகிறவன் ஒருவன் முன்னால் நடப்பான். அவன் 'தூக்கு' என்றால் தூக்குவார்கள், 'நட' என்றால் நடப்பார்கள், 'இறக்கி வை' என்று அவன் சொன்ன பிறகுதான் வீடு தரையில் உட்கார்ந்ததாகக் கணக்கு.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், ஆறு கரையைத் தின்றுகொண்டே வந்து காஸ்மிரான் வீட்டுச் சமையலறைக்கு நாலு அடியில் நின்றது. வீட்டைத் தூக்கியே ஆக வேண்டும். காஸ்மிரானின் மகள்தான் முஜிரா. ஊரிலேயே பெரிய தொண்டை சர்விஜிக்கு, ஆகவே கூப்பாடும் அவன்தான். அது பொருத்தமாகவும் இருந்தது, ஏனென்றால் அவனுக்கும் முஜிராவுக்கும் அடுத்த மாதம் கல்யாணம். ஐம்பத்தெட்டு ஆண்கள் தோள் கொடுத்தார்கள். 'மாப்பிள்ளை, பொண்ணோட வீட்டையும் சேத்துத் தூக்கிட்டுப் போறாருடோய்' என்று கேலி செய்துகொண்டே ஆற்றங்கரையிலிருந்து மேட்டு நிலம் வரை கொண்டுபோய் வைத்தார்கள். ஊரில் காலியாக இருந்த இடம் அது ஒன்றுதான். உடனே சாப்பாட்டு முரசு ஒலித்தது. பலாக்காய்க் கறியும் டெம்பே என்கிற வறுத்த சோயாக் கட்டியும் மலைபோல இருந்தன. எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, திசை பார்க்கிற பெரியவர் ஏப்பம் விட்டபடி வெயிலைப் பார்த்தார், சர்விஜியின் வீட்டைப் பார்த்தார், இந்த வீட்டைப் பார்த்தார், "அடடா" என்றார்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து வடமேற்கில் பெண் வீடு இருந்தால் அந்தக் கல்யாணம் கூடாது. மீறினால் சம்பந்திகளில் ஒருவருக்கு ஆகாது. ஊர் நினைவில் இரண்டு ஜோடிகள் மீறியிருந்தார்கள். ஒரு மாமனார் செத்தார். இன்னொரு மாமனார் பிழைத்துக்கொண்டார், ஆனால் எருமை செத்தது. ஆற்றங்கரையில் இருந்தவரை முஜிராவின் வீடு சர்விஜிக்கு நேர் கிழக்கு, ஒரு குறையும் இல்லை. இப்போது அசல் வடமேற்கு. ஒரு கல்யாணத்தை ஐம்பத்தெட்டு பேர் சேர்ந்து, பாட்டுப் பாடி, தோளில் சுமந்து, தப்பான இடத்தில் வைத்திருந்தார்கள். ஒரு தலைமுறையில் ஒரு வீட்டை ஒரு முறைதான் தூக்கலாம். சர்விஜியின் வீடோ செங்கல், அசைக்க முடியாது. கல்யாணம் நின்றது. மீந்த கறியை எல்லோரும் வாழையிலையில் கட்டி எடுத்துக்கொண்டு தலை குனிந்து வீட்டுக்குப் போனார்கள்.

பதினைந்தாம் நாள் வீடு நகரத் தொடங்கியது. ஊர் கூடிப் பேசியது. சர்விஜி 'இறக்கி வை' சொன்னதை யாராவது கேட்டீர்களா? முரசுச் சத்தத்தில் யாருக்கும் நினைவில்லை. சர்விஜிக்கே நினைவில்லை. அப்படியானால் சொல்லவில்லை என்று ஊர் முடிவு செய்தது. ஐம்பத்தெட்டு பேர் ஒன்று சொல்லும்போது தான் ஒருவன் வேறு சொல்வது மரியாதை இல்லை என்று அவனும், "ஆமா, மறந்துட்டேன்" என்று ஒப்புக்கொண்டான். பலாக்காய்க் கறி வாசனையில் மயங்கிப் பெண்டாட்டி வீட்டை அந்தரத்தில் விட்டவன் என்று இன்றைக்கும் அவனுக்குப் பெயர்.

மற்றதெல்லாம் பழகிப்போனது. மின்சாரக்காரர்கள் கம்பியைச் சுருட்டி வைத்து ஆண்டுக்கு ஒரு முறை அவிழ்த்து நீட்டினார்கள். கோழிகள் இரண்டு விரல்கடை தள்ளி முட்டையிடக் கற்றுக்கொண்டன. வழியில் நின்ற தென்னையை வீடு சுற்றிக்கொண்டு போனது, அதற்கு ஏழு மாதம் பிடித்தது. காஸ்மிரான் ஒரு நாள் மதியம் வீடு நகர்கிற நேரத்தில் கண்ணை மூடினார். எந்த இடத்தில் செத்தார் என்று எழுதுவதில் மட்டும் சர்விஜிக்குக் கொஞ்சம் சிக்கல் இருந்தது. முஜிரா வாசல் பந்தலில் ஒரு களிமண் அடுப்பை வைத்து, வேகவைத்த கீரைக்கு நிலக்கடலைச் சட்னி ஊற்றி வாழையிலையில் விற்றாள். அவளுக்கு நாற்பத்தொன்று ஆனது, அவனுக்கு நாற்பத்தாறு. அவளும் கட்டவில்லை, அவனும் கட்டவில்லை. காலையில் அவன் நாடாவோடு போவான், அலுவலக வேலை. அவள் ஒரு காபி வைப்பாள். அவன் அளப்பான், குடிப்பான், போவான். பத்தொன்பது வருடத்தில் காய்ச்சலில் கிடந்த நாள்களைத் தவிர ஒரு நாள் தவறவில்லை.

இதில் யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று சர்விஜியிடம் இருந்தது. எத்தனை மீட்டர் என்பதை அவன் பதிவேட்டில் எழுதினான். தன் வீட்டிலிருந்து பார்த்தால் அது எந்தத் திசையில் நிற்கிறது என்பதை எழுதவில்லை. ஒரு சின்னத் திசைகாட்டியைச் சட்டைக்குள் வைத்திருந்தான். வீடு கிழக்கே, கிழக்கே என்று வந்து வந்து, வடமேற்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகி, இப்போது அவன் வீட்டுக்கு நேர் வடக்கில் நிற்க இன்னும் இரண்டே மீட்டர்தான் பாக்கி. அறுபது நாள். நேர் வடக்குக்கு ஒரு தடையும் கிடையாது. தான் மறந்த ஒரு வார்த்தையால் ஒரு பெண் பத்தொன்பது வருடம் நிலையில்லாத வீட்டில் இருக்கிறாள் என்ற குற்ற உணர்ச்சி அவனுக்கு உண்டு. அந்தக் குற்றத்துக்காக அவன் தினமும் சந்தோஷப்பட்டான் என்பதும் உண்டு.

இன்றைக்கு அந்த வார்த்தையைச் சொன்னால், இரண்டு மீட்டர் முன்னாலேயே வீடு நின்றுவிடும். என்றைக்குமாக.

முஜிரா அம்மியில் கடலை அரைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன எழுத்தரே, இன்னிக்கு இப்படி ஓட்டம்? வீடு எங்கியும் ஓடிப் போயிடாது."

"ஒரு மணிக்கு வர்றாங்க, முஜி."

"வரட்டுமே. ஆளுக்கு ஒரு இலை குடுத்தாப் போச்சு. சுரபாயாக்காரங்க காரம் தாங்குவாங்களா? மிளகா விக்கிற விலைக்குத் தாங்கித்தான் ஆகணும்."

அவன் நாடாவைச் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான்.

"தலைவரம்மா சொல்லச் சொல்லிட்டாங்க."

"எதை?"

"அந்த வார்த்தையை."

குழவி நின்றது.

"சொல்லப் போறீங்களா?"

"நாப்பது பிள்ளைங்களுக்கு வேலை. அவங்க பொண்ணு ஊருக்கு வந்துரும்."

"நான் கேட்டது அது இல்லையே."

"சொல்லித்தான் ஆகணும், முஜி. அன்னிக்குச் சொல்லாம விட்டது என் தப்பு."

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். சிரிக்கப் போகிறாளா, அழப் போகிறாளா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"தப்பா? சரி, சொல்லிப் பாருங்க" என்றாள். குழவி மறுபடி உருண்டது. "காபியைக் குடிச்சுட்டுச் சொல்லுங்க, தொண்டை கட்டிக்கப் போகுது."

ஹர்சோனோ சொன்ன நேரத்துக்கு வந்தார். அறுபது வயது, வெள்ளைத் தொப்பி, வெயிலில் சிவந்த மூக்கு. அவருக்குப் பந்தலில் பாய் விரித்து, காபி ஊற்றி, இலையைக் கையில் கொடுத்தார்கள். பள்ளிவாசலிலிருந்து ஆண்கள் நேராக இங்கேயே வந்துவிட்டார்கள். அன்றைக்குத் தோள் கொடுத்தவர்களில் முப்பது பேராவது இருந்தார்கள்.

"பாத்துக்குங்க ஐயா" என்றாள் ருமியாத்தி. "எங்க எழுத்தர் ஒரு வார்த்தை சொல்வார். இனி இந்த வீடு நகராது."

"கறி வாசனை எதுவும் வரலையே எழுத்தரே? மறந்துடாதீங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். சர்விஜி சிரிக்கவில்லை. வீட்டுக்கு முன்னால் போய் நின்றான். இரண்டு கைகளையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்தான். ஊரிலேயே பெரிய தொண்டை அன்று பாதியில் உடைந்தது. ஆனாலும் சொன்னான்.

"இறக்கி... வை!"

ஒரு கோழி ஒதுங்கிப் போனது. ஹர்சோனோவின் குவளையில் ஆவி அடங்கியது. எல்லோரும் காத்திருந்தார்கள். தேக்குத் தூண்கள் ஒரு முனகு முனகின. வீடு இரண்டு விரல்கடை நகர்ந்தது.

"பத்தொன்பது வருஷம் கழிச்சுச் சொன்னா?" என்று ருமியாத்தி தலையில் கை வைத்தாள். "அதுக்குக் காது செவிடாயிருக்கும்!"

ஹர்சோனோ தூணுக்கும் மண்ணில் கிடந்த தடத்துக்கும் நடுவில் தன் விரலை வைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் பயம் இல்லை, நாணயமான ஒரு சந்தேகம்தான் இருந்தது. "இது எதுவரைக்கும் போகும்?" என்று கேட்டார்.

சர்விஜி சட்டைக்குள்ளிருந்து திசைகாட்டியை எடுத்தான். உள்ளங்கையில் வைத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நீட்டினான்.

"எதுவரைக்கும் போகும்னு தெரியலைங்க. எதுவரைக்கும் போனா எனக்குப் போதும்னு தெரியும். இன்னும் ரெண்டு மீட்டர், அறுபது நாள். அப்போ இது என் வீட்டுக்கு நேர் வடக்கு."

முப்பது பேரும் ஒரே நேரத்தில் திரும்பி அவன் வீட்டுக் கூரையைப் பார்த்தார்கள். பிறகு முஜிராவைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவரும் தரையில் ஏதோ தேடினார்கள். ருமியாத்தியின் குரல் இறங்கிப்போயிருந்தது.

"அதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன எழுத்தரே? நான் என்ன கல்லா?"

"அறுபது நாள்தானா?" என்றார் ஹர்சோனோ, காரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பத்திரம் முடியவே தொண்ணூறு நாள் ஆகும். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லை. ஆனா அந்த நாள் வந்ததும் இது நிக்குமா? அதைச் சொல்லுங்க. இவர் வார்த்தையைத்தான் அது கேக்கலையே. நிக்காம என் விடுதிக்குள்ள வந்துட்டா?"

சர்விஜி திசைகாட்டியையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நிக்கும்" என்றாள் முஜிரா.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் பந்தலைத் தாண்டி வந்தாள். ஹர்சோனோவைப் பார்த்துத்தான் பேச ஆரம்பித்தாள், முடிக்கும்போது சர்விஜியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவர் வார்த்தை ஆம்பளைங்க தோளுக்குங்க. அது இறங்கிடுச்சு. வீடு இறங்கணும்னா உள்ள இருக்கிறவ அடுப்புக் கல்லு மூணையும் புது மண்ணுல பதிக்கணும். பொம்பளைங்க எல்லாருக்கும் இது தெரியும். நான் பதிச்சிருப்பேன்னு அவங்களே நினைச்சுக்கிட்டாங்க, ஆம்பளைங்க யாரும் கேக்கல. நீங்கள்லாம் சாப்பிட்டு முடிச்சுத்தான் திசையைப் பாத்தீங்க. நான் உள்ள ஜன்னல் வழியா அதுக்கு முன்னாடியே வடமேற்குன்னு பாத்துட்டேன். நீங்க மறக்கல, எழுத்தரே. அன்னிக்கு நல்லாச் சத்தமாவே சொன்னீங்க, ரெண்டு தரம். கல்லை மடியில வெச்சுக்கிட்டுக் கீழ வெக்காம உக்காந்திருந்தது நான்தான்."