ஈச்சங்குழியா, துவரமேடா?

கல்வராயன் மலையில் உழும்போது வழவழப்பான கல் ஏதாவது தட்டுப்பட்டால் யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. அத்திமரத்தடிப் பிள்ளையார் காலடியில் வைத்துவிட்டு ஏருக்குத் திரும்பிவிடுவார்கள். அப்படிக் குவிந்த கற்கள்தான் இப்போது முருகனின் தூக்கத்தைக் கெடுத்தன.

சென்னையிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த தேவதர்ஷினி, அவையெல்லாம் கற்கால மனிதர்கள் தேய்த்துச் செய்த கோடரிகள் என்றாள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் புடைப்பு; இந்த வாகு வேறெங்கும் இல்லையாம்.

"முதல்ல எந்த ஊர் மண்ணுல கெடைச்சுதோ, அந்த ஊர்ப் பேரைத்தான் இதைச் செஞ்சவங்க பண்பாட்டுக்கு வைப்போம். உலகம் பூரா அப்படித்தான்."

உலகம் பூரா என்றதும் முருகனுக்குத் தலை கிறுகிறுத்தது. அவனுடைய ஈச்சங்குழியின் பெயர் பஸ் பலகையில் கிடையாது. ரேஷன் கார்டில்கூடப் பக்கத்துத் துவரமேட்டின் பெயர்தான்.

"எங்க ஊர்தாங்க," என்று அடித்துச் சொன்னான். துவரமேட்டுக்காரனான அவன் மச்சான் வெள்ளையன் அதையே இன்னும் சத்தமாகச் சொன்னான்.

தேவதர்ஷினி சிரித்தாள். "மண்ணுக்குள்ள இருக்கறதைக் காட்டுங்க. நாளைக்கு வரேன்."

விடிந்ததும் முருகன் பையோடு பிள்ளையாரிடம் போனான். ஒரு கல்லை எடுத்துத் தன் சாமைக் கொல்லையில் புதைத்துவிட்டால் தீர்ந்தது. பிள்ளையாருக்குப் பின்னால் ஏற்கெனவே வெள்ளையன் குனிந்திருந்தான். அவன் கையிலும் பை.

"இன்னா மச்சான், சாமி கும்புட வந்தியா?" என்றான் முருகன்.

"ஆமா. நீ?"

"நானும் அதுக்குத்தான்."

இருவரும் பையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, வேறு வழியில்லாமல் கும்பிட்டார்கள்.

தேவதர்ஷினி அத்திமரத்தடிக்கு வந்தபோது காட்ட ஒன்றுமில்லை. "யாருக்கும் தெரியலன்னா கள்ளக்குறிச்சின்னு எழுதிடறேன். மாவட்டத்துப் பேருதானே."

முருகனுக்குச் சுருக்கென்றது. ஆஸ்பத்திரி, கோர்ட்டு, பஸ் ஸ்டாண்டு எல்லாம் கீழே கள்ளக்குறிச்சியில்தான் இருக்கிறது. மலைக்காரன் கல்லும் அங்கேதான் போக வேண்டுமா?

குவியலில் பெரிய கல் எங்கே கிடைத்தது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு வெள்ளையன் தன் கொல்லையில் ஏர் ஓட்ட, இவன் பின்னால் விதைத்துக்கொண்டு போனான். ஏர் புரட்டிப்போட்ட கல்லை முன்னால் போனவன் திரும்பிப் பார்க்கவில்லை. கல்லை எடுத்து வந்து இங்கே வைத்தவன் இவன்தான்.

"இது துவரமேட்டுதுங்க," என்றான் முருகன். "இவன் கொல்லையில நான்தான் எடுத்தேன். எடத்தைக் காட்டறேன், தோண்டிப் பாருங்க."

வெள்ளையன் கல்லையும் முருகனையும் மாறி மாறிப் பார்த்தான். முருகனுக்கு வயிறு எரியத்தான் செய்தது. ஆனாலும், இனி அந்தப் பெயரைத் தேடி வருகிறவன் மலையேறித்தான் வந்தாக வேண்டும்.

"இன்னா மச்சான் பாத்துக்கினு நிக்கிற," என்றான். "போய் மம்பட்டி எடுத்துக்கினு வா."